கார் ஷெட் பட்டறையான கதை



போன வாரம் ஒரு முக்காலியின் படம் போட்டிருந்தேன். "எங்க வாங்குனீங்க டீச்சர்?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வாங்கவில்லை, செய்தேன். வீட்டுக் கார் ஷெட்டைப் பின்பக்கம் 9 அடி நீட்டி ஒரு சின்ன மரவேலைப் பட்டறை போட்டிருக்கிறேன். சிலர் போனில் விவரம் கேட்டார்கள். சிலர் கல்யாண வீட்டில் என் காதுபடவே பேசினார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இது புதிதில்லை.

சார் காலமான பிறகு காரை ஓட்ட ஆளில்லாமல் விற்றுவிட்டோம். ஷெட்டில் பழைய பேப்பரும் உடைந்த நாற்காலியும் சேர்ந்தன. ஒருவர் வந்து ஜெராக்ஸ் கடை வைக்கிறேன், மாதம் 4,500 தருகிறேன் என்றார். என் தம்பிக்கு அதில் ஒரே சந்தோஷம். நான் வேண்டாம் என்று சொன்னதும், "இந்த வயசுல உனக்கு எதுக்குக்கா பட்டறையும் கிட்டறையும்?" என்று கேட்டான். அவன் மனைவி வாயைத் திறக்கவில்லை, ஆனால் சிரித்தாள்.

எங்கள் அப்பா தச்சு வேலை பார்த்தவர் என்பது சொந்தங்களுக்குத் தெரியும், மாணவர்களில் பலருக்குத் தெரியாது. வீட்டுத் திண்ணைதான் அவருக்குப் பட்டறை. தரையில் உட்கார்ந்து, பலகையைக் கால் விரலால் பிடித்துக்கொண்டு இழைப்பார். சுருள் சுருளாக வரும் சீவலை நான் பொறுக்கிக் காதில் மாட்டிக்கொள்வேன். அது வரைக்கும்தான் எனக்கு அனுமதி. உளிப் பக்கம் கை போனால், "தொடாத, கை போயிரும்" என்பார். தம்பியிடம் அப்படிச் சொன்னதில்லை. அவனைக் கூப்பிட்டு வைத்து ரம்பம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அவனுக்கு அதில் நாட்டமில்லை, மில் வேலைக்குப் போனான். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். அப்பாவுக்குப் பிறகு அவர் சாமான்கள் தம்பி வீட்டுப் பரணில் ஒரு சாக்குப் பைக்குள் கிடந்தன. வருடத்துக்கு ஒரு நாள் சரஸ்வதி பூஜைக்கு இறங்கும், சந்தனம் குங்குமம் வாங்கிக்கொண்டு மறுபடி மேலே போகும். அந்தச் சாக்கைத்தான் நான் கேட்டு வாங்கினேன். 2 இழைப்புளி, 7 உளி, ஒரு கொட்டாப்புளி, மூலைமட்டம், ரம்பம். ரம்பம் துருவேறிப் போயிருந்தது. மற்றவை நன்றாகவே இருந்தன.

கட்டுவதற்கு முன் வரைந்து பார்த்ததற்கே ஒரு மாதம் ஆனது. வகுப்பில் உங்களையெல்லாம் பள்ளி வளாகத்தை அளந்து வரையச் சொல்வேனே, அதே முறைதான். கிராஃப் தாளில் ஒரு கட்டம் அரை அடி. மேசை, அலமாரி, பலகை அடுக்கும் சட்டம் எல்லாவற்றையும் அதே அளவில் அட்டையில் வெட்டித் தாளின்மேல் நகர்த்திப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. இடத்தை அடைப்பது மேசை இல்லை, பலகை. 6 அடிப் பலகையை மேசையில் வைத்து அறுக்க வேண்டுமானால் அதன் இரு தலைப்பும் நீட்டிக்கொண்டிருக்க இடம் வேண்டும், நான் சுற்றி வர வழியும் வேண்டும். பழைய ஷெட் 10 அடிக்கு 16 அடி. அதில் முன்பகுதியைப் பலகைக்கும் ஸ்கூட்டிக்கும் விட்டால் பின்னால் மூச்சு முட்டும். அதனால்தான் நீட்டினேன். நீட்ட வேண்டிய இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு பெஞ்சை அங்கே போட்டு, ஒரு மூங்கில் கழியைப் பலகை போலப் பிடித்துக்கொண்டு நடந்தும் பார்த்தேன். எதிர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! காம்பவுண்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டாதீர்கள். எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதை நகராட்சியில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டு மண்ணில் விழுந்தால் அந்தப் பகை உங்கள் பேரன் காலம் வரை போகும்.

பழைய ஷெட்டின் கூரை கல்நார் ஷீட். அதில் ஓட்டை போட்டுப் புதுக் கூரையை இணைத்துவிடலாம், செலவு மிச்சம் என்றார் வேலைக்கு வந்தவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. கல்நார் ஷீட்டை அறுத்தாலும் துளைத்தாலும் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலக்கும். நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, பல வருடம் கழித்துப் புற்றுநோயாகக்கூட வந்து நிற்கும். ஷீட்டுகளைத் தண்ணீர் ஊற்றி நனைத்து, உடைக்காமல், ஆணியைக் கழற்றி முழுசாக இறக்கச் சொன்னேன். இறக்கியவர்களுக்கு முகமூடியும் நானே வாங்கிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டார்கள். மொத்தக் கூரைக்கும் வண்ணத் தகரம் போட்டு, நடுவில் ஒரே ஒரு ஷீட் மட்டும் வெளிச்சம் ஊடுருவும் பாலிகார்பனேட்.

தென்காசிக்காரர்களுக்கு ஒரு தனி விஷயம். ஆனியும் ஆடியும் நமக்கு மேற்கிலிருந்து காற்றும் சாரலும் வரும். குளிக்கப் போகிறவர்களுக்கு அது சொர்க்கம், இரும்புச் சாமானுக்கு எமன். அதனால் மேற்குச் சுவரில் ஜன்னலே வைக்கவில்லை. வடக்கே ஒரு பெரிய ஜன்னல், அதற்குக் கீழே மேசை. வடக்கு வெளிச்சம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும், கண்ணில் வெயில் அதிகம் அடிக்காது. தரைக்கு டைல்ஸ் போடச் சொல்லிப் பெரிய வற்புறுத்தல். டைல்ஸில் சுத்தியல் விழுந்தால் டைல்ஸ் போகும், மரத்தூள் விழுந்தால் நான் விழுவேன். சொரசொரப்பான சிமெண்ட் தரையே போதும் என்றேன். இன்னொன்று, கார் ஷெட் தரை தண்ணீர் ஓட முன்பக்கம் சரிவாக இருக்கும். பின்னால் நீட்டிய பகுதியை ரசமட்டம் வைத்துச் சமமாகப் போடச் சொன்னேன். சரிவில் நிற்கும் மேசையில் இழைக்க முடியாது.

மின்சார வேலைக்கு வந்தவன் 1994-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். இருக்கிற ஷெட் லைட்டிலிருந்தே ஒரு ஒயர் இழுத்துவிடலாம் என்று பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை. "டீச்சர், மெயின் போர்டுல இருந்தே தனி லைன் கொண்டு வந்திருதேன், நீங்க சும்மா இருங்க" என்றான். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, மெஷின்களுக்கு ஒரு எம்.சி.பி., லைட்டுக்கு வேறொன்று. அப்படிப் பிரித்து வைத்தால், மெஷின் ஏதாவது கோளாறு செய்து டிரிப் ஆனாலும் லைட் அணையாது. சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடு பக்கத்தில் திடீரென்று இருட்டானால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எம்.சி.பி. இருக்கிறதே, ஆர்.சி.சி.பி. எதற்கு என்று கேட்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள், பாடம் நடத்தப் போகிறேன். எம்.சி.பி. காப்பாற்றுவது கம்பியை. அளவுக்கு மேல் மின்சாரம் போனால் கம்பி சூடாகித் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு மனிதரைக் கொல்ல அவ்வளவு மின்சாரம் தேவையே இல்லை. ஆர்.சி.சி.பி. பேஸில் எவ்வளவு போகிறது, நியூட்ரலில் எவ்வளவு திரும்புகிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். போனது முழுதும் திரும்பவில்லை என்றால், மிச்சம் வேறு வழியாக, ஒருவேளை உங்கள் உடம்பு வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். அந்த வித்தியாசம் 30 மில்லிஆம்பியரை எட்டினால் அது உடனே லைனைத் துண்டித்துவிடும். வாங்கும்போது 30 மில்லிஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை நான் மாதம் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கிறேன். ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று எர்த் போடாமல் விட்டுவிடாதீர்கள். அதற்கும் தனியாகக் குழி தோண்டியாயிற்று.

பழைய சோக் வைத்த டியூப் லைட்டை மெஷின் பக்கம் மாட்ட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த லைட் வினாடிக்கு 100 தடவை மினுங்கும். சில வேகங்களில் சுற்றும் சக்கரம் அந்த வெளிச்சத்தில் நின்றுவிட்டது போலத் தெரியும். நல்ல எல்.இ.டி. 2, எதிர் எதிர்ப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன், கையின் நிழல் வேலையின் மேல் விழாது.

இப்போது மேசை. அப்பாவைப் போலத் தரையில் உட்கார என் முட்டி விடாது. உயரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. நேராக நின்று கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையைக் கிடையாக மடக்குங்கள். அது எங்கே நிற்கிறதோ, அதையொட்டி மேசை மட்டம் இருந்தால் இழைப்பதற்குத் தோதாக இருக்கும். எனக்கு 30 அங்குலம் வந்தது. கடையில் விற்கும் மேசைகளெல்லாம் என்னைவிட உயரமானவர்களுக்குச் செய்தவை. செங்கோட்டைப் பக்கம் பழைய வீடு இடித்த மரம் விற்கும் இடத்தில் இரண்டு கோங்கு உத்திரம் கிடைத்தது. காய்ந்து இறுகிய மரம். அறுவை மில்லுக்குக் கொண்டுபோகும் முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டி 11 ஆணியைக் கண்டுபிடித்துப் பிடுங்கினேன். பழைய மரம் வாங்குகிறவர்கள் இதைச் செய்யாமல் மில்லில் கொடுத்தால் அவர்கள் வாள் உடையும், உங்கள் பெயரும் கெடும். 3 அங்குலக் கனத்தில் மேல்பலகை, கால்களுக்கு இரும்பு ஆங்கிள், கரையானுக்கு வழியில்லை. ஓரத்தில் ஒரு வைஸ். நாலு பேர் சேர்ந்துதான் நகர்த்த முடிகிறது. அதுதான் வேண்டும். ஆடுகிற மேசையில் பாதிப் பலம் மேசைக்கே போய்விடும்.

மெஷின் என்று வாங்கியது ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு ஜிக்சா, உப்புத்தாள் தேய்க்கும் மெஷின் ஒன்று. அவ்வளவுதான். மரம் அறுக்கும் பெரிய டேபிள் ரம்பம் வாங்கவில்லை. கனமான மரத்தை மில்லில் சொன்ன அளவுக்கு அறுத்து இழைத்துத் தருகிறார்கள், கூலியும் அதிகமில்லை. அமெரிக்காவில் இருக்கும் ஒரு மாணவன் அங்கே எல்லா கராஜிலும் அந்த ரம்பம் இருக்கிறது என்று படம் அனுப்பினான். இருக்கட்டும் தம்பி, உங்கள் ஊரில் தெருமுனையில் அறுவை மில் இருக்காது.

ஆங்கிள் கிரைண்டர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குப் 11,000 சுற்று அளவில் சுற்றும். இரும்பு அறுக்க, தேய்க்க நல்ல சாதனம். அதன் மூடியைக் கழற்றிப் பல் வைத்த மர பிளேடை மாட்டிப் பலகை அறுக்கிறார்கள் நம் ஊரில். பல் மரத்தில் சிக்கினால் மெஷின் கையை உதறிக்கொண்டு எகிறும். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு இடது கையில் இப்போது இரண்டு விரல் மடங்காது. வயது 24. இதைப் படிக்கும் தச்சர்கள் இரண்டு பேராவது எனக்குத் தெரிந்து இப்படி அறுக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை, நேரில் பார்த்தால் சொல்வேன்.

உடுப்பு பற்றியும் பேச்சு வந்தது. ஆமாம், பட்டறையில் நான் சேலை கட்டுவதில்லை. சுடிதார், துப்பட்டா கிடையாது, வளையலைக் கழற்றிவிட்டுக் கொண்டையை இறுக்கிக்கொள்வேன். முந்தானை டிரில்லில் சுற்றினால் மெஷின் வயதையோ மரியாதையையோ பார்க்காது. சுற்றுகிற மெஷினுக்குக் கையுறையும் ஆகாது, அதுவும் சுற்றிக்கொள்ளும். கண்ணாடி, காதுக்கு மஃப், நல்ல முகமூடி மூன்றும் கதவுக்குப் பக்கத்திலேயே தொங்குகின்றன.

ஷெட்டும் பட்டறையும் ஒன்றாக இருக்கும் வீடுகளில் பெட்ரோலை மறக்கக் கூடாது. மெஷின் போடும் முன் ஸ்கூட்டியை வெளியே தள்ளிவிடுவேன். பாலிஷுக்கு ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும், நெருப்பே வேண்டாம். விரித்து வெளியில் காயப்போட்டுப் பிறகுதான் எறிய வேண்டும். தீயணைப்பு சிலிண்டரை வாசல் பக்கம் வைத்திருக்கிறேன். பின்னால் வைத்தால் தீயைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டியிருக்கும். துருவுக்குத் தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளானால் பிசுபிசுக்கும்.

செலவு மொத்தம் இரண்டே கால் லட்சம். அதில் மெஷினுக்கும் சாமானுக்கும் போனது 30 ஆயிரத்துக்குள். மீதியெல்லாம் கூரை, தரை, மின்சாரம், மேசை. வருகிறவர்கள் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை, "மெஷின் எங்க?" என்று கேட்கிறார்கள்.

முதலில் செய்தது அந்த முக்காலி. மூன்று காலாக இருந்தால் எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும் என்பதால்தான். அடுத்து ஒன்றாம் வகுப்புக்கு ஒரு மணிச்சட்டம் நடந்துகொண்டிருக்கிறது, எந்தப் பள்ளிக்கு என்று முடித்த பிறகு சொல்கிறேன். தம்பி மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள், 12 வயது. அப்பாவின் சின்ன உளியை அவளுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். இரண்டு கையும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை. தம்பி அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். போன வாரம் உள்ளே வந்தான். ரம்பத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "இதுக்குப் பல்லு கூர் போடணும், முக்கோண அரம் வச்சிருக்கியா?" என்று கேட்டான்.

இல்லை. 6 அங்குலத்தில் நல்ல முக்கோண அரம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். லீவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் தாராளமாகப் பார்க்க வாருங்கள், காலை 10 மணிக்கு மேல். ரப்பர் செருப்போடு வந்தால் உள்ளே விடமாட்டேன்.