கழல மறுக்கும் பூட்டு நட்டு

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்பார்கள், டயரைப் பார்ப்பார்கள், ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுவார்கள். பூட்டு நட்டின் சாவியைக் கேட்பவர்கள் குறைவு. அலாய் வீல் திருடு போகாமலிருக்க, சில கார்களில் சக்கரத்துக்கு ஒரு நட்டு மட்டும் தனி வடிவத்தில் இருக்கும். அதற்குரிய சாவி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதை மாட்டினால்தான் வீல் ஸ்பேனர் பிடிக்கும்.

பவானிப் பக்கம் மஞ்சள் விவசாயம் செய்யும் ஒரு குடும்பம் அப்படியொரு காரை வாங்கியது. மூச்சுத் திணறிய அம்மாவை ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது பின்சக்கரம் பஞ்சர். அம்மாவை ஆட்டோவில் மருமகளோடு அனுப்பிவிட்டு, மகன் ஜாக்கியை எடுத்தார். மூன்று நட்டு கழன்றது. நாலாவது பூட்டு நட்டு. ஸ்டெப்னிக்கு அடியில் தேடிப் பிடித்த சாவியை மாட்டி, ஸ்பேனர் மேல் ஏறி மிதித்தார். சாவிதான் உடைந்தது.

வந்த மெக்கானிக் சொன்னார்: "நட்டு இன்னைக்கு மாட்டிக்கலீங்கண்ணா. போன தடவ கடையில ஏர் கன் வெச்சு இறுக்குனாங்க பாருங்க, அன்னைக்கே மாட்டிக்கிச்சு." நட்டைவிடச் சற்றுச் சிறிய, பன்னிரண்டு முனை சாக்கெட் ஒன்றைச் சுத்தியலால் அதன் மேல் அடித்து இறக்கி, நீளமான கம்பியால் மெதுவாகத் திருப்பிக் கழற்றினார். நட்டு வீணானது, சக்கரம் தப்பியது. அம்மாவுக்கு அதற்குள் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள்.

சாவி கையில் இருந்தாலும் நிதானம் வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை அரைச்சுற்று இளக்கிவிட்டு, பிறகு ஜாக்கி ஏற்ற வேண்டும். துரு பிடித்திருந்தால் துரு இளக்கும் ஸ்பிரேயைக் கொஞ்சமாக அடித்து, கால் மணி நேரம் விடலாம். பிரேக்கில் படக் கூடாது. சாவியைத் தட்டி முழுதாக உட்கார வைத்து, நேராகப் பிடித்து, சீராக அழுத்த வேண்டும். எகிறி மிதிக்கக் கூடாது.

டயரோடு இருக்கும் சக்கரத்தை கேஸ் வெல்டிங் நெருப்பால் சூடாக்கவே கூடாது. டயர் வெடித்து உயிரே போகலாம்.

திரும்ப மாட்டும்போது மரையில் எண்ணெய் பூச வேண்டாம். அளவுக்கு மேல் இறுகிவிடும். முதலில் கையால் சுற்றி, பிறகு எதிரெதிராக இறுக்க வேண்டும். பல சிறிய கார்களுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் போதும். அரை மீட்டர் ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ அழுத்தம் என்றால் அந்தக் கணக்குதான். சரியான அளவு காரோடு வரும் கையேட்டில் இருக்கும். 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பழைய கார் வாங்குகிறவர்கள், பணம் எண்ணிக் கொடுக்கும் முன் சாவியை வாங்கி, நாலு பூட்டு நட்டையும் அங்கேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்க்கலாம். சாவியில் எண் இருந்தால் எழுதி வைத்துக்கொண்டால், தொலைந்தாலும் வேறு வாங்க உதவும். அவசரத்துக்கு ஓடும் வண்டி என்றால், அதே மரையும் அதே அடிவடிவமும் உள்ள சாதாரண நட்டாக மாற்றிவிடுவதும் நல்லதுதான்.