பொங்கி வழிந்த கொப்பரை

தருமபுரி மாவட்டத்தில், பாப்பிரெட்டிப்பட்டிக்கு அண்மையில் அமைந்த சிற்றூர் நம்முடையது. நமது சிறுவயதில், தை பிறந்துவிட்டால் ஆலைக்கொட்டகையில் இரவும் பகலும் வெல்லம் காய்ச்சுவார்கள். அடுப்பில் கரும்புச் சக்கையைத் தள்ளும் பொறுப்பு ஒருநாள் நமக்குக் கிடைத்தது. விரைவில் முடித்துப் பாராட்டுப் பெறும் ஆவலில் சக்கையை அள்ளி அள்ளித் திணித்தோம். கொப்பரையில் நுரை மலைபோல் எழுந்தது. தந்தையார் ஆமணக்கெண்ணெயோடு ஓடிவருவதற்குள் பாதிச் சாறு மண்ணில் வழிந்துவிட்டது. அவர் அடிக்கவில்லை. "தீ மிஞ்சினா வெல்லம் சீக்கிரம் ஆவாதுடா, சாறுதான் ஓடிப்போவும்" என்றார்.

அச்சொல்லின் ஆழம் நமக்கு விளங்கப் பல்லாண்டுகள் ஆயின. விளக்கியதோ விண்வெளி.

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான் ஆய்வகத்தை ஒருமுறை கண்டு திரும்பியது முதல், வானியல் நூல்களில் நமக்கு நாட்டம் மிகுந்தது. அவற்றில் நம் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தது எம் 82 என்னும் விண்மீன் திரள். சப்தரிஷி மண்டலத்தின் திசையில், ஏறக்குறைய 1 கோடியே 20 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் அது உள்ளது. அண்டைத் திரளான எம் 81-இன் ஈர்ப்பு அதைக் கலக்கியதால், அதன் வாயு நடுப்பகுதியில் குவிந்தது. அங்கே, நமது பால்வீதியைக் காட்டிலும் சுமார் 10 மடங்கு வேகத்தில் விண்மீன்கள் பிறக்கின்றன.

பிறப்பவற்றுள் மிகப் பெரியவை நெடுநாள் வாழ்வதில்லை. நமது கதிரவனின் ஆயுள் ஏறக்குறைய 1000 கோடி ஆண்டுகள்; அவையோ சில பத்து இலட்சம் ஆண்டுகளிலேயே எரிந்து வெடித்துச் சிதறுகின்றன. வாழும்போது அவை வீசும் காற்றும், மடியும்போது எழும் வெடிப்பும் சேர்ந்து சுற்றியுள்ள வாயுவைப் பல பத்து இலட்சம் பாகை வெப்பத்துக்கு உயர்த்துகின்றன. அவ்வாயு, தட்டையான திரளின் மேலும் கீழும் வழிதிறந்து, குளிர்ந்த வாயுவையும் தூசியையும் இழுத்துக்கொண்டு, விநாடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் பீறிட்டு வெளியேறுகிறது. 1963-இல் லிண்ட்ஸ், சாண்டேஜ் என்னும் அறிஞர் இருவர் அவ்வாயு இழைகளை ஆராய்ந்து எழுதினர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999-இல் விண்ணேறிய சந்திரா தொலைநோக்கி, கண்ணுக்குப் புலப்படாத வெப்ப வாயுவையும் படம்பிடித்துக் காட்டியது.

வெளியேறும் வாயுதான் நாளைய விண்மீன்களுக்கு மூலப்பொருள். பிறப்பின் வேகமே பிறக்க வேண்டியவற்றை விரட்டிவிடுகிறது! இதைப் படித்த இரவில் நமக்கு உறக்கம் வரவில்லை.

1994-இல் நம் ஊரில் மாலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினோம். முதல் ஆண்டிலேயே பத்தாம் வகுப்பு எழுதிய அனைவரும் தேறினர். ஊர் மெச்சியது. நாம் தீயைக் கூட்டினோம். வகுப்பு நேரத்தை நீட்டினோம். மெதுவாகப் பயில்வோரை மற்றவர் முன் நிறுத்திக் கடிந்தோம். தேறியோர் பட்டியல் நீண்டது. ஆனால் பின்வரிசைச் சிறார் ஒவ்வொருவராக நின்றுபோனதை நாம் கவனிக்கவில்லை. மூன்றாம் ஆண்டு விளக்கேற்றி அமர்ந்தபோது, பாய்கள் வெறுமையாய்க் கிடந்தன. "ஐயா, உங்க பேரைச் சொன்னாலே எம்பொண்ணு அழுவுது" என்றார் ஒரு தாய்.

வெளியேறிய வாயு முழுவதும் தொலைந்துபோவதில்லை. போதிய வேகம் பெறாதது, ஈர்ப்பினால் மெல்லத் திரும்பி விழும் என்கின்றனர் அறிஞர். நாமும் வீடு வீடாகச் சென்று மன்னிப்புக் கேட்டோம். வகுப்பை ஒரு மணி நேரமாகக் குறைத்தோம். சிலர் திரும்பினர்.

அந்தச் சிறுமி திரும்பவில்லை. இன்று அவர் சந்தையில் கீரை விற்கிறார். எவ்வளவு வாங்கினாலும் கணக்கை விரல்விட்டு எண்ணாமல், பிழையின்றிச் சொல்லிவிடுகிறார். மீதிச் சில்லறையை வாங்கும் ஒவ்வொரு முறையும், மண்ணில் வழிந்த அந்தச் சாறுதான் நம் நினைவுக்கு வருகிறது.