இரண்டு மருந்துகள்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சங்கமிக்கும் திருமுக்கூடலுக்குப் போனால், பெருமாள் கோயில் சுவரைப் பாராமல் திரும்பாதீர்கள். வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையைச் சொல்கிறது. ஓராண்டுக்குச் சேமிக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள்கூட உண்டு!

காஞ்சிக்கு வடக்கே புள்ளலூரிலோ வேறு மருந்து. அந்நாளில் துப்பாக்கித் தோட்டாவைக் கையால்தான் செய்வார்கள். ஈயக் குண்டையும் அளந்த வெடிமருந்தையும் காகிதத்தில் சுருட்டினால், நாட்டு மருந்துக் கடைப் பொட்டலமேதான்! சிப்பாய் அதைப் பல்லால் கிழித்துக் குழலில் கொட்டுவான். அளவு குறைந்தால் குண்டு எட்டாது. ஈரம் பட்டால் வெடிக்கவே வெடிக்காது.

1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் இங்கே கர்னல் பெய்லியை வளைத்துக்கொண்டார்கள். அவருடைய மருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. கும்பெனிப் படை சரணடைந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகைச் சுவர்ச் சித்திரத்தில் அந்த வெடிப்பை இன்றும் பார்க்கலாம்.