தொட்டாற்சிணுங்கி

சிறு சொல்லுக்கும் முகம் வாடும் பிள்ளையைத் 'தொட்டாற்சிணுங்கி' என்று கேலி செய்வது தமிழர் வீடுகளில் வழக்கம். அப்பெயருக்கு உரிய செடியை அருகிருந்து பார்த்தவர்கள், அக்கேலி அதற்குப் பொருந்தாது என்பதை உணர்வர்.

தொட்டாற்சிணுங்கி தரையை ஒட்டிப் படரும் சிறு செடி. இதன் தண்டில் கூரிய முட்கள் உண்டு. ஒவ்வொரு காம்பின் நுனியிலும் இறகு போன்ற கிளைகள் விரியும். அவற்றில் சிற்றிலைகள் இரு வரிசையாக அமைந்திருக்கும். இளஞ்சிவப்பு கலந்த ஊதா நிறத்தில், பஞ்சுருண்டை போலப் பூ மலரும். உண்மையில் அது ஒரு பூ அன்று. பல சிறு பூக்களின் தொகுதி.

விரல் பட்டவுடன் சிற்றிலைகள் இணை இணையாக மடிகின்றன, காம்பும் தாழ்கிறது. இதற்குக் காரணம் நாணமும் அன்று, அச்சமும் அன்று. இலைகளின் அடியிலும் காம்பின் அடியிலும் புடைத்த சிறு பகுதிகள் உள்ளன. அங்குள்ள உயிரணுக்களில் நீர் நிறைந்திருக்கும்வரை இலை விரிந்து நிற்கும். தொட்டதும் ஒரு பக்கத்து உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேறுகிறது. அப்பக்கம் தளர, இலை மடிகிறது. சில நிமிடங்களில் நீர் மீண்டும் நிறைய, இலை பழையபடி விரிகிறது. பசுந்தழை திடீரென வாடியதுபோல் தோன்றினால், மேய வரும் பூச்சியும் விலங்கும் விலகிச் செல்லக்கூடும். ஆகவே இது செடியின் தற்காப்பு என்று அறிஞர் கருதுகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், இச்செடியினுள் பரவும் மின்துடிப்புகளைத் தாமே உருவாக்கிய நுண்கருவிகளால் ஆராய்ந்தார். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், தொட்டியில் வளர்ந்த செடிகளை ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மெத்தென்ற பரப்பின்மீது பலமுறை விழச்செய்தனர். முதலில் இலைகளை மூடிய செடிகள், தீங்கு நேராத நிலையில் மூடுவதைப் படிப்படியாக நிறுத்தின. ஒரு மாதம் கழிந்தும் அப்பழக்கம் மாறவில்லை. எதற்கும் சுருங்கும் செடி அன்று இது. எதற்குச் சுருங்க வேண்டாம் என்பதையும் பழகிக்கொள்ளும் செடி.

இதன் தாயகம் அமெரிக்காவின் வெப்பமண்டலப் பகுதி. கடல் கடந்து வந்த இச்செடியை இந்தியில் 'சுயீமுயீ' என்றும் 'லாஜ்வந்தி' என்றும், வங்காளத்தில் 'லஜ்ஜாவதி' என்றும், மலையாளத்தில் 'தொட்டாவாடி' என்றும் அழைக்கின்றனர். அயல்மண்ணிலிருந்து வந்ததாயினும், சென்ற இடந்தோறும் அந்தந்த மொழியிலேயே அது பெயர் பெற்றுவிட்டது.

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. இலையும் வேரும் சித்த மருத்துவத்தில் பயன்படுகின்றன. எனினும் மருத்துவரைக் கேளாமல் உண்ணுதல் கூடாது. வயல்களிலும் தோட்டங்களிலும் இது கட்டுக்கடங்காத களையாகப் பரவும். ஆதலால் வீட்டில் வளர்ப்போர் தொட்டியில் வளர்ப்பதே நன்று.

விதையின் உறை கடினமானது. எனவே விதைகளைச் சூடான நீரில் இட்டு, ஓர் இரவு ஊறவிட வேண்டும். பின்னர் நீர் தேங்காத மண்ணில் மேலாக ஊன்றி, ஈரம் காயாமல் காத்தால் முளை தோன்றும். நல்ல வெயிலும் வெப்பமும் இதற்கு இன்றியமையாதவை, கடுங்குளிரைத் தாங்காது. வடநாட்டுக் குளிர்காலத்தில் தொட்டியை வீட்டினுள், வெயில் விழும் சன்னலருகே வைக்கலாம்.

செடி வளர்ந்தபின், வருவோர் போவோர் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்க்க விரும்புவர். இலை மூடியிருக்கும்போது அதன்மீது விழும் ஒளி குறைகிறது. செடி தனக்கு உணவு ஆக்குவதும் குறைகிறது. தொடுபவருக்கு அது நொடிப்பொழுது விளையாட்டு; செடிக்கோ அது குறைந்துபோன உணவு.