விடை தெரிந்தும் வாய் திறவாத வகுப்பு

கோலார் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. கன்னட வழியில் பயிலும் எட்டாம் வகுப்பு. ஆங்கிலம் கற்பித்த ஆசிரியை பகுதி நேர முனைவர் பட்ட ஆய்வாளரும் ஆவார். வளம் குன்றிய வகுப்பறைகளில் மின்னணுக் கருவிகள் வழியே ஆங்கிலம் கற்பித்தல் என்பதே அவருடைய ஆய்வுப் பொருள்.

மாணவர் கையில் கருவி இல்லாத பள்ளிக்கு ஏற்றதென்று அவர் தேர்ந்தது பிளிக்கர்ஸ் என்னும் செயலி. ஒவ்வொரு மாணவருக்கும் குறியீடு அச்சிட்ட தாள் அட்டை ஒன்று. அதனை எந்தப் பக்கமாகத் திருப்பிப் பிடிக்கிறார் என்பதே ஏ, பி, சி, டி என்ற விடை. ஆசிரியர் தம் கைப்பேசியின் ஒளிப்படக் கருவியை வகுப்பின் மீது ஓட்டினால் போதும். அனைவரின் விடையும் பதிவாகிவிடும். கூச்சமுள்ள குழந்தைகளும் அட்டையை உயர்த்தினார்கள். மதிப்பெண்கள் வாரந்தோறும் ஏறின. ஆய்வேட்டின் நான்காம் இயலுக்கு அழகான வரைபடங்கள் கிடைத்தன.

ஒருநாள் காலை, முதல் மதிப்பெண் பெற்றுவந்த மாணவனிடம், அன்று எப்படிப் பள்ளிக்கு வந்தான் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவனுக்குக் கேள்வி புரிந்தது. அவன் தயங்கி நின்றான். பிறகு கன்னடத்தில், "மிஸ், ஆப்ஷன் சொல்லுங்கள்" என்றான். வகுப்பு சிரிக்கவில்லை. அவன் கேட்டது அங்கிருந்த எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது.

அந்த ஒரு வரி ஆய்வாளரின் உறக்கத்தைக் கெடுத்தது. வரைபடங்கள் பொய்யல்ல, ஆனால் அவை எதை அளந்தன? நான்கில் ஒன்றை இனங்காணும் திறனை. அவர் கருதுகோளோ மொழி வழங்கும் திறனைப் பற்றியது. அந்த இயலை அப்படியே சமர்ப்பித்திருந்தால் எவரும் குறை கண்டிருக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதுவே அவரை உறுத்தியது.

முதுகலையில் தேர்வுக்காகப் படித்து மறந்திருந்த என்.எஸ்.பிரபுவிடம் அவர் திரும்பினார். 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடைபெற்ற, பெங்களூர்த் திட்டம் என்று அறியப்படும் முயற்சியின் மூலவர் பிரபு. அதன் பட்டறிவை 1987இல் 'செகண்ட் லாங்குவேஜ் பெடகாஜி' என்ற நூலாக எழுதினார். பொருளில் மனம் குவிந்திருக்கும்போதே மொழியின் வடிவம் உள்ளே படிகிறது என்பது அவர் கொள்கை. வகுப்புச் செயல்பாடுகளை அவர் மூவகையாகப் பிரித்தார். ஒருவரிடம் உள்ள தகவலை மற்றவருக்குச் சேர்ப்பது தகவல் இடைவெளி. தரப்பட்ட தகவலிலிருந்து புதியதைத் தருவித்து அறிவது தருக்க இடைவெளி. தம் விருப்பையும் கருத்தையும் உருவாக்கிச் சொல்வது கருத்து இடைவெளி. இத்தனைக்கும் அவருடைய வகுப்புகளின் முதன்மையான கருவிகள் கரும்பலகையும் தாளும் பென்சிலுமே.

ஆசிரியை தம் வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எதிலும் இடைவெளியே இல்லை. விடை முன்பே திரையில் இருந்தது. பேசுவதற்கான தேவையை அவரே நீக்கிவிட்டிருந்தார்.

மறுவாரம் பிரபு காட்டிய எடுத்துக்காட்டு ஒன்றையே கையாண்டார். எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் கால அட்டவணைகளைக் கரும்பலகையில் எழுதினார். அவற்றிலிருந்து கணித ஆசிரியரின் அட்டவணையைக் கண்டறிய வேண்டும். முதலில் இதே போன்ற கணக்கொன்றை வகுப்பு முழுவதுமாகச் சேர்ந்து முடித்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் தனியே. ஆப்ஷன் கேட்ட மாணவனே எழுந்தான். "மேத்ஸ் சார் டியூஸ்டே நோ ஃப்ரீ. நைந்த் கிளாஸ்" என்றான். அவர் இலக்கணம் விளக்கவில்லை. "எஸ், ஹி இஸ் நாட் ஃப்ரீ ஆன் டியூஸ்டே" என்று இயல்பாக விடையிறுத்து அடுத்த நாளுக்குச் சென்றார்.

கருவிகளை அவர் கைவிடவில்லை. அவற்றின் இடத்தை மாற்றினார். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வாசிப்பு நிலைவாரியாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு கதையின் படங்களை அச்சிட்டு, இருவர் கொண்ட இணைகளுக்குப் பாதிப் பாதியாகப் பகிர்ந்தார். மற்றவர் படத்தைப் பாராமல், பேசியே கதையின் வரிசையைக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே அவர் பிரபுவிடமிருந்து விலகினார். மாணவர்கள் ஒருவர் பிழையை ஒருவர் வலுப்படுத்திக்கொள்ளக்கூடும் என்பதால் பிரபு குழுச் செயல்பாட்டை வற்புறுத்தவில்லை. அந்த ஐயத்தை மதித்தே, இணைகளின் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் வகுப்பில் ஒலிக்கச் செய்து, பொதுவான பிழைகளைப் பேசினார். பிளிக்கர்ஸ் அட்டைகள் பாடத்தின் இறுதிக்குச் சென்றன; யாருக்குப் புரியவில்லை என்று அறிய அதைவிட எளிய வழி இல்லை.

பதிவுகளில் மௌனம் நிறைய இருந்தது. கன்னடமும் இருந்தது. பாதியில் நின்ற வாக்கியங்கள் இருந்தன. வரைபடமாக மாற்ற இயலாத தரவுகள். அவற்றை எழுத்துப்பெயர்க்க மாதங்கள் ஆயின, ஆய்வேடு தாமதமாயிற்று. நான்காம் இயலின் வரைபடங்களை அவர் நீக்கவில்லை. அவை எதை அளந்தன, எதை அளக்கவில்லை என்ற ஒரு பத்தியை அவற்றின் கீழே சேர்த்தார். அந்த மாணவன் ஆப்ஷன் கேட்ட நிகழ்வும் அங்கே இடம்பெற்றது.

புதிய செயலி எதையும் வகுப்புக்குள் அனுமதிக்குமுன் அவர் தம்மிடம் கேட்டுக்கொள்ளும் கேள்வி இப்போது ஒன்றுதான்: இதில் மாணவர் பேசியே அறிய வேண்டியது எது? விடை கிடைக்காத நாளில் கைப்பேசியை மேசைக்குள் வைத்துவிட்டுச் சுண்ணக்கட்டியை எடுக்கிறார்.