செம்பு உருகும், பீங்கான் நிற்கும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டியபோது, கரிக்கு மேலிருந்த அடுக்குகளில் வெள்ளைக் களிமண்ணும் கிடைத்தது. பக்கத்திலேயே இருக்கும் விருத்தாசலம் பீங்கான் ஊரானதில் அந்த மண்ணுக்குப் பங்கு உண்டு. செராமிக் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அரசுக் கல்லூரியும் இங்கே இருக்கின்றன. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊரின் பொம்மைகளும் கார்த்திகை அகல் விளக்குகளும்தான் தெரியும். நான் பார்க்கப் போனது நம் வீட்டு மீட்டர் போர்டில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கேரியரை. ஏ.சி.யும் கீசரும் மாட்டிய வீடுகளின் பாதுகாப்பு இந்தச் சின்னப் பொருளிலிருந்துதான் தொடங்குகிறது.

தகரக் கூரை போட்ட கொட்டகை. வரிசையாகக் கைப்பிரஸ்கள். களிமண், குவார்ட்ஸ், பெல்ஸ்பார் மூன்றையும் மாவாக அரைத்துக் கலந்து, லேசான ஈரப்பதத்தோடு குவித்து வைத்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா அந்த மண்ணை ஒரு கை அள்ளி இரும்பு அச்சில் போட்டு, விளிம்பை விரலால் வழித்துவிட்டு, தலைக்கு மேலிருந்த கைப்பிடியை வீசிச் சுழற்றினார். திருகு இறங்கி மண்ணை அழுத்தியது. அச்சைத் திறந்தால் திருகாணித் துளைகளோடு ஒரு கேரியர். அதை இரண்டு விரலால் எடுத்துப் பலகையில் வைத்துவிட்டு, அடுத்த பிடி மண்ணை அள்ளினார்.

"ஈரம் கூடிப்போனா அச்சுல ஒட்டிக்கும் தம்பி. கொறஞ்சா ஓரம் உதுந்துடும். கையில புடிச்சாலே தெரிஞ்சிடும்" என்றார். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் இறுக்கிக் காட்டினார். விரல்ரேகை பதிந்த உருண்டை, நடுவில் அழுத்தியதும் சுத்தமாக இரண்டாகப் பிளந்தது. அதுதான் பதம்.

அடுத்த வரிசையில் இருக்கும் பெண்கள் பிசிறு சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்கிறார்கள். காய்ந்தபின் கிளேஸ் பூசுகிறார்கள். கிளேஸ் அழகுக்காக மட்டும் பூசுவதில்லை. மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால்தான் தூசியும் ஈரமும் படிந்து மின்சாரம் கசிய வழி ஏற்படாது. காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும் என்பதால், அச்சையே பெரிதாக வெட்டியிருக்கிறார்கள். சூளையிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் இன்னொன்றோடு தட்டிக் கேட்கிறார்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல், கழித்துவிடுகிறார்கள்.

சூளைக்குள் சூடு 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். பியூஸ் கம்பியாகப் போடும் செம்பு உருகுவது 1,085 டிகிரியில். கம்பி உருகி அறுந்து, ஒரு கணம் தீப்பொறி பறக்கும்போது, அதைவிடக் கூடுதல் சூட்டில் வெந்து வந்த பீங்கான் அசையாமல் நிற்கிறது. வீட்டைக் காப்பாற்ற செம்பு தோற்க வேண்டும், பீங்கான் தோற்கக் கூடாது. இந்தக் கொட்டகையின் உழைப்பெல்லாம் அதற்காகத்தான்.

அதே ஊரில், ஏ.சி.யும் வயரிங்கும் பார்க்கும் ஓர் எலக்ட்ரீஷியனோடு ஒரு பழைய வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் வீடு. ஏ.சி. போட்டால் கூல் ஆவதில்லை, பேன் மெதுவாகிறது என்பது அவர் புகார். எலக்ட்ரீஷியன் முதலில் மாடியில் இருந்த அவுட்டோர் யூனிட்டைத் திறந்தார். காயில் முழுக்கப் புழுதி. அந்தக் காயில்தான் அறையின் சூட்டை வெளியே கொட்டுகிறது. அது அடைத்துக்கொண்டால் கேஸின் அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுக் கீழே வந்து, மீட்டர் போர்டில் பியூஸ் கேரியரை உருவினார்.

அதில் கம்பி மூன்று இழையாக முறுக்கியிருந்தது. அடிக்கடி பியூஸ் போகிறது என்று யாரோ செய்த வேலை. கேரியரின் பித்தளை முனை கறுத்திருந்தது. அங்கிருந்து சுவருக்குள் போகும் வயரின் உறை பழுப்பேறி, விரல் பட்டதும் அப்பளமாக நொறுங்கியது.

"பீங்கானுக்கு ஒண்ணும் ஆகல ஐயா. ஒயருதான் வெந்துபோச்சு. கம்பி போக வேண்டிய நேரத்துல போக விடாம பண்ணிட்டாங்க" என்றார் ஆசிரியரிடம்.

1.5 டன் ஏ.சி. ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். 2,000 வாட் கீசர், 230 வோல்ட்டில், ஏறக்குறைய 9 ஆம்பியர். விளக்குக்கும் பேனுக்கும் போட்ட பழைய வயர் இரண்டையும் சேர்த்துச் சுமக்கிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். பியூஸ் கம்பியைத் தடிமனாக்கினால் அந்தச் சூடு சுவருக்குள்ளேயே வேலை செய்யும். ஏ.சி.க்கு மீட்டர் போர்டிலிருந்தே தனியாக 4 சதுர மில்லிமீட்டர் வயர், அதற்கென, மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் ஓர் எம்.சி.பி. சுவிட்ச்; கீசருக்குத் தனி லைன்; சரியான எர்த்; 30 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச். அவர் எழுதிக் கொடுத்த பட்டியல் இதுதான். புது ஏ.சி. வாங்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

எம்.சி.பி. வந்த வீடுகளில் பீங்கான் பியூஸுக்கு வேலை குறையும். ஆனால் கீசருக்குள் வயர் சேரும் கனெக்டரும், ஹீட்டர் கம்பியில் கோக்கும் மணிகளும் இன்னும் பீங்கான்தான். சூடு இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக்கை நம்ப முடியாது. இந்தப் பொருள்களுக்கான அச்சும் பயிற்சியும் பரிசோதனை வசதியும் இவ்வூரின் சிறு பட்டறைகளுக்குக் கிடைக்க வேண்டும். அதற்கான படிப்பு இதே ஊரில்தான் நடக்கிறது.

அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. பிரஸ் கொட்டகையில் பறக்கும் தூசியில் குவார்ட்ஸ் இருக்கிறது. அது நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸுக்கு முழுக் குணம் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே அதை அறிவிக்க வேண்டிய தொழில்நோயாகப் பட்டியலிட்டது. அந்த அம்மா முந்தானையை மூக்கில் சுற்றியிருந்தார். அது குவார்ட்ஸ் தூசியைத் தடுக்காது. தரையை ஈரப்படுத்திக் கூட்டுவது, தூசியை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி, உண்மையாகவே தூசியை வடிகட்டும் முகக்கவசம் ஆகியவை ஒரு பட்டறை தாங்க முடியாத செலவல்ல.

வெயிலும் அப்படித்தான். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. சித்திரை மாதத்தில் சூளைக்குப் பக்கத்தில் தகரக் கூரையின் கீழ் நிற்பவர்களை விட அதை அறிந்தவர் யார்? கூரைக்கு வெள்ளைப் பூச்சு, உச்சியில் காற்றுப் போக்கி, மதிய நேரத்தில் ஓய்வு என்று எளிய வழிகள் இருக்கின்றன. வீட்டைக் குளிர்விப்பதற்குச் செலவழிக்கும் நாம், அந்தக் குளிர்ச்சியைப் பத்திரமாக்கித் தருபவர்களின் கொட்டகையையும் குளிர்விக்கச் சொல்லிக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அடுத்த முறை ஏ.சி. சர்வீஸுக்கு ஆள் வரும்போது, பில்டரைக் கழுவியதோடு அனுப்பிவிடாதீர்கள். மீட்டர் போர்டையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பியூஸில் கம்பி முறுக்கியிருந்தால், அன்றைக்கே வயரை மாற்றுங்கள்.