பெட்ரோல் மிச்சம்

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் பட்டா கிடையாது. நிலம் இருந்தால்தானே பட்டா. அம்மாவின் ரேஷன் கார்டு, என்னுடைய சாதிச் சான்றிதழ், எம்.ஏ. பட்டம், இவற்றுக்கெல்லாம் அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ஆர்.சி. புக். அய்யா பேரில் சர்க்கார் முத்திரையோடு இருந்த ஒரே சொத்துப் பத்திரம் அதுதான். இண்ட்-சுசுகி, 98 சி.சி. சாதி என்ன என்று கேட்காமல் சர்க்கார் எங்களுக்குக் கொடுத்த காகிதமும் அநேகமாக அது ஒன்றுதான்.

இப்போது நான் இலஞ்சியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வண்டி வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிற வெளியூர்ப் பையன்கள் நின்று பார்த்துவிட்டு, "அக்கா, வண்டி குடுப்பீங்களா?" என்று கேட்கிறார்கள். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு இப்போது மவுசு. நல்ல விலையும் சொல்கிறார்கள். அவர்களுக்கு அது பழம்பொருள். எனக்கு அது என்ன என்று எழுதிப் பார்க்கிறேன்.

நம் ஊருக்கு வந்த மோட்டார் சைக்கிள்கள் எல்லாமே வெளிநாட்டில் பிறந்தவை. புல்லட் இங்கிலாந்துச் சரக்கு. 1955இல் சென்னையில் கம்பெனி தொடங்கினார்கள். ஜாவா செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து மைசூருக்கு வந்தது. ராஜ்தூத் போலந்துக்காரன் போட்ட வடிவம். கடல் தாண்டி வரும்போது அவற்றுக்குச் சாதி இல்லை. இங்கே வந்து இறங்கியதும் ஒட்டிக்கொண்டது. என் சிறுவயதில் எங்கள் பக்கம் புல்லட் என்றால் பண்ணையார், இல்லையென்றால் போலீஸ் இன்ஸ்பெக்டர். ராஜ்தூத் பால்காரர்களுக்கும் உரக்கடைக்காரர்களுக்கும். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது; தேங்காய்க்குலையும் வாழைத்தாரும் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அது ஆயிற்று. அதே ஓசூரில் ஜப்பான் சுசுகியோடு கூட்டுச் சேர்ந்து 1984இல் இறக்கியதுதான் இண்ட்-சுசுகி. எங்கள் தெருவில் அதற்கு 'ஜப்பான் வண்டி' என்று பேர். எடை குறைவு, பெட்ரோல் குறைவு. பழசாகிக் கைமாறும்போது விலையும் குறைவு. அதனால்தான் அது எங்கள் கைக்கு எட்டியது.

அய்யா கொத்தனார். செங்கோட்டை, புளியரை, கணவாய் தாண்டி ஆரியங்காவு, தென்மலை வரைக்கும் வேலைக்குப் போவார். பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தார். 1997இல் பஸ்ஸுக்குள்ளேயே சாதி ஏறி உட்கார்ந்துகொண்டது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கிளம்பினார்கள். பஸ்கள் உடைந்தன, தென்மாவட்டங்களில் உயிர்கள் போயின. கடைசியில் அந்த ஜூலையில் அரசு எல்லாத் தலைவர்கள் பெயரையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் சேர்த்தே எடுத்துவிட்டது. அதற்குச் சில நாள் முன்பு, ஜூன் 30ஆம் தேதி, மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் பஸ்ஸை மறித்துத்தான் வெட்டினார்கள். பஸ் என்றால் யாரும் ஏறலாம் என்று நினைத்திருந்த எங்கள் சனத்துக்கு அந்த வருஷம் பஸ்ஸே பயமாகிப் போனது. அய்யாவுக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை கெட்டது. அப்போதுதான் வண்டி வாங்குகிற பேச்சு வந்தது.

அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. இரண்டு வெள்ளாடு விற்றோம். செங்கோட்டையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஆறாயிரத்து ஐநூறு ரூபாய்க்குக் கொடுத்தார். நல்ல மனிதர். "ஓட்டிப் பாரும்வே" என்றார். அய்யாவுக்கு ஓட்டத் தெரியாது. கூடப் போன சென்ட்ரிங் மாமாதான் ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் பழைய வண்டி வாங்குகிறவர்கள் பேர் மாற்ற மாட்டார்கள், அலைச்சல் என்று. அய்யா மாற்றினார். 29ஆம் நம்பர் படிவம், 30ஆம் நம்பர் படிவம் என்று இரண்டு நாள் கூலியை விட்டு அலைந்து, தன் பேர் எழுதிய புத்தகத்தை வாங்கிவந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு ஒரு வாரம் குளத்தங்கரையில் விழுந்து எழுந்து ஓட்டப் பழகினார். எனக்கு ஒன்பது வயது. கரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் காலனி இலஞ்சியிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு ஊரை ஒட்டியது. ஊர்ப்பெயர் வேண்டாம், எந்த ஊர்ப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். மெயின் ரோட்டுக்கு வர ஊர்த்தெரு வழியாக இருநூறு மீட்டர் நடக்கவேண்டும். வேறு வழி வயல்வரப்பு. அதில் வண்டி போகாது. அய்யா காலையில் எங்கள் தெருமுனைவரை ஓட்டிவருவார். அங்கே எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குவார். தூக்குச்சட்டி, கரண்டி, மட்டப்பலகை எல்லாம் பின்னால் கட்டியிருக்கும். அந்த இருநூறு மீட்டரும் தள்ளிக்கொண்டே போவார். மெயின் ரோட்டில் ஏறியதும்தான் கிக்கரை உதைப்பார். சாயங்காலமும் அப்படித்தான். பள்ளிக்கூடம் போகும்போது பல நாள் நானும் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறேன்.

"எதுக்குய்யா தள்ளணும்?"

"பெட்ரோலு மிச்சம்லா தாயி."

நான் நம்பினேன். எங்கள் வீட்டில் எல்லாமே மிச்சம் பிடிக்கிறதுதானே. தீக்குச்சியைப் பிளந்து இரண்டாக்குகிற வீடு.

எனக்குப் பதினாலு வயதாகும்போது ஒரு ராத்திரி தம்பிக்குக் காய்ச்சல் ஏறி ஜன்னி வந்துவிட்டது. வாயில் நுரை. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். தெருமுனை வந்ததும் அய்யா எஞ்சினை நிறுத்தினார். அம்மா இறங்கி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட, அய்யா வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட, பின்னால் நான். ஊர்த்தெருவில் ஒரு நாய் மட்டும் முழித்திருந்தது. ஒரு மனுசன் திண்ணையில் இல்லை. அப்படியும் அய்யா கிக்கரைத் தொடவில்லை. தென்காசிக்குக் கொண்டுபோய்த் தம்பி பிழைத்துவிட்டான். மறுநாள் நான் கேட்டேன்: "நேத்தும் பெட்ரோலு மிச்சமாய்யா?" அய்யா வெற்றிலைப் பையைத் துழாவினார். பதில் இல்லை.

கணக்கு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர். போக இருநூறு மீட்டர், வர இருநூறு மீட்டர். ஒரு லிட்டர் மிச்சமாக நூற்றிருபத்தைந்து நாள் தள்ளவேண்டும். அய்யாவிடம் காட்டினேன். நோட்டை வாங்கிப் பார்த்தார். மூடினார். "நல்லாப் படிக்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அம்மாதான் பிறகு சொன்னாள். வாங்கின முதல் வாரம் அய்யா ஓட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார். மூன்றாம் நாள் டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒரு கை நீண்டது. "ஏல, வண்டி சத்தம் பலமா இருக்கு? யாருக்குக் கேக்கணும்னு ஓட்டுத?" மறுநாள் டயரில் பிளேடு. அய்யா ஸ்டேஷனுக்குப் போகவில்லை. போயிருக்கலாமே என்று நான் குதித்தேன். அம்மா கேட்டாள்: "மழைக்காலத்துல வெளிவேலை நின்னுபோனா எந்தத் தெருவுல போயி தளம் போடுவாரு உங்கய்யா?" அந்தத் தெருவின் பாதி வீட்டுச் சுவர் அய்யா எழுப்பியது. வீடு கட்ட அந்தக் கை வேண்டும். அந்தக் கை ஆக்சிலேட்டரைத் திருகக் கூடாது.

எம்.ஏ. படிக்கும்போது சங்க இலக்கிய வகுப்பில் பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதையை வியந்து வியந்து சொன்னார்கள். தேர் வைத்திருந்தவன் கொடுத்தான். எனக்குத் தெருமுனையில் தேரைவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போன ஒருவரைத்தான் தெரியும். பாடத்திட்டத்தில் இல்லாததை வெளியே தேடிப் படித்தேன். அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தன் குறிப்புகளில் 1929இல் சாலிஸ்காவுன் ஊரில் நடந்ததைச் சொல்கிறார். பம்பாய் அரசு போட்ட விசாரணைக் குழுவில் உறுப்பினர், பாரிஸ்டர். ஆனால் அவரை ஏற்றிக்கொண்டு குதிரைவண்டி ஓட்ட ஒரு வண்டிக்காரனும் சம்மதிக்கவில்லை. நம் சனம் வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டத் தெரியாத ஒருவரை ஓட்ட வைத்தார்கள். பாலத்தில் வண்டி முட்டி அண்ணல் கல்லில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. இதைப் படித்த அன்று எனக்குக் குளத்தங்கரையில் விழுந்து எழுந்த அய்யா ஞாபகம். சிரித்துக்கொண்டிருந்த நானும் ஞாபகம்.

அதற்கும் முன்னால், 1893இல், திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்லுவண்டி ஒன்றை விலைக்கு வாங்கி, வெள்ளை வேட்டி துண்டோடு பொதுச்சாலையில் ஓட்டிப்போனார். அடித்தார்கள், திருப்பி அடித்துக்கொண்டே போனார். அய்யா தினமும் கடந்துபோன செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை அந்தத் திருவிதாங்கூரைச் சேர்ந்ததுதான். ராஜாவின் சங்கு முத்திரை போட்ட வளைவு இன்னும் அங்கே நிற்கிறது. அந்த வளைவைத் தாண்டித்தான் அய்யா வேலைக்குப் போனார். அய்யன்காளி பேரை அய்யாவுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் இருபத்திரண்டு வயதுவரை யாரும் சொல்லவில்லை.

2010இல் லைசென்ஸ் எடுத்தேன். 1991 வாக்கில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகியதைப் படித்துப் படித்து எனக்கும் வேகம் வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யா தூங்கும்போது சாவியை எடுத்தேன். தெருமுனையில் நிறுத்தவில்லை. இரண்டாவது கியரில், நீலப்புகையோடு, அந்த இருநூறு மீட்டரையும் ஓட்டினேன். டூ-ஸ்ட்ரோக் சத்தம் சும்மாவே ஊரைக் கூட்டும். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஒரு பொட்டச்சி, அதுவும் அந்தத் தெருப் பொட்டச்சி. என்னவெல்லாம் சொன்னார்கள் என்பதை எழுதினால் இந்தப் பக்கம் நாறும். மெயின் ரோடு போய், திரும்பி, அதே வழியில் வந்தேன். காலும் கையும் நடுங்கியது. ஆனால் சந்தோஷம். இயக்கத் தோழர்களுக்குப் போன் போட்டுச் சொன்னேன். பாராட்டினார்கள்.

சாயங்காலம் அய்யாவுக்குச் சொல்லிவிட்டார்கள். ஊர்த்தெருவில் பாதியில் நின்ற ஒரு வீட்டுவேலைக்கு இனி வரவேண்டாம். பாக்கிக் கூலியும் கிடையாது. அய்யா என்னை அடிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்: "உனக்கு வீரம். எனக்கு நாலு வாரக் கூலி."

தோழர்களே, எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். அந்த ஒரு வரிக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. செலவு யாருடையது என்று கேட்காமல் நான் கலகம் செய்தேன். பட்டணத்து ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போகிறவள் நான். மறுநாளும் அந்தத் தெரு வழியாகப் போகவேண்டியவர் அவர். நிறுத்தாமல் ஓட்டியது தப்பு என்று சொல்லவில்லை. தள்ளிய பதின்மூன்று வருஷத்தையும் கோழைத்தனம் என்று நான் நினைத்தேனே, அதுதான் தப்பு. அந்தத் தள்ளலில்தான் என் காலேஜ் ஃபீஸ் இருந்தது.

மறுநாள் காலையில் நடந்ததை நான் பார்த்தேன். அய்யா வண்டியை வாசலில் வைத்தே உதைத்தார். தெருமுனை வந்தது. நிறுத்தவில்லை. நானும் அம்மாவும் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தோம். மெதுவாக, தூக்குச்சட்டி ஆட, முதுகு நேராக, மெயின் ரோடு வரைக்கும் போய்த் திரும்பினார். ராத்திரி கேட்டேன். "கூலிதான் போச்சே. இனி எதுக்குத் தள்ளணும்?" என்றார். அவ்வளவுதான். டயர் இரண்டு தடவை கிழிந்தது. சீட்டை ஒருநாள் கிழித்திருந்தார்கள். அவர் ஊர்த்தெரு வேலையை விட்டு, கேரளப் பக்கமே முழுக்கப் போனார். பிறகு இறங்கவே இல்லை.

அய்யா இப்போது இல்லை. வண்டியை என் பேருக்கு மாற்றினேன். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவேண்டும், அதையும் செய்கிறேன். உதிரிச் சாமான் கிடைப்பதில்லை. டி.வி.எஸ்.ஸும் சுசுகியும் 2001லேயே பிரிந்துவிட்டார்கள். வொர்க்ஷாப் பாய் எங்கிருந்தோ பழைய பிஸ்டன், ரிங் தேடிக்கொண்டு வருகிறார். பிளக்கில் கரி பிடித்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்க்க நானே பழகிக்கொண்டேன். "வித்துருங்கம்மா, இதுக்குச் செலவழிச்ச காசுக்குப் புதுசே வாங்கலாம்" என்கிறார் பாய். கணக்குச் சரிதான்.

காலனிப் பையன்கள் இப்போது பெரிய வண்டிகள் வைத்திருக்கிறார்கள், தவணையில். நம்பர் பிளேட்டுக்கு மேல் நீலத்தில் அண்ணல் படம். எல்லாம் மாறிப்போச்சு என்று சொல்கிறவர்கள் உண்டு. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவனின் கைகளில் வெட்டினார்கள். புல்லட் ஓட்டினான் என்பதற்காகத்தான் என்று குடும்பம் சொன்னது. கை. திரும்பவும் அதே கை.

அதனால்தான் வண்டியை விற்கவில்லை. பழைய கணக்கு நோட்டை எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். 1997இலிருந்து 2010 வரை, வருஷத்துக்கு முந்நூறு வேலைநாள் என்று வைத்தால், அய்யா தள்ளித் தள்ளி மிச்சம் பிடித்தது முப்பத்தொரு லிட்டர் சொச்சம். அந்தப் பெட்ரோல் எங்களுக்கு வரவேண்டிய பாக்கி. ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவைப் பார்க்கப் போகும்போது அந்தத் தெருவில்தான் அதை எரித்துக்கொண்டிருக்கிறேன். போக இருநூறு மீட்டர். வர இருநூறு மீட்டர். தீர இன்னும் நிறைய நாள் ஆகும்.